டேவிட் பாம்பர்க்: ஓவியராகத் தோற்று வாத்தியார் ஆனவரா?

கேள்வி இது: "பிரிட்டிஷ் ஓவியர்கள் ஃப்ராங்க் ஆவர்பாக், லியோன் கோசாஃப் பற்றி எதைப் படித்தாலும் டேவிட் பாம்பர்க் என்ற ஆசிரியரின் பெயர் வருகிறது. அவர் ஓவியராகத் தோற்றுப்போய் வாத்தியார் வேலைக்குப் போனவர் என்கிறார்களே, உண்மையா? அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தார்?"

பாதி உண்மை. படங்கள் விற்கவில்லை, நல்ல கலைப் பள்ளி எதுவும் நிரந்தர வேலை கொடுக்கவில்லை, சாகும்போது கையில் காசில்லை. இதெல்லாம் சரி. ஆனால் தோற்றதால் கற்பிக்கப் போனார் என்று சொல்லும்போது, அவருடைய ஓவியம் ஒரு பக்கம், வகுப்பு இன்னொரு பக்கம் என்று பிரித்துவிடுகிறோம். அந்த வகுப்பில் அவர் சொன்னது எல்லாமே அதற்கு முன் இருபது வருடம் மலைக்கும் பாறைக்கும் முன்னால் நின்று வரைந்து வரைந்து அவராகக் கண்டடைந்தது. அதனால் படங்களிலிருந்து ஆரம்பித்தால்தான் வகுப்பு புரியும்.

பிறந்தது 1890 டிசம்பரில், பர்மிங்காமில். அப்பா போலந்திலிருந்து வந்த யூதர், தோல் வேலை செய்தவர். பிள்ளைகள் நிறைந்த வீடு. சில வருடங்களில் குடும்பம் கிழக்கு லண்டனின் ஒயிட்சாப்பலுக்கு வந்துவிட்டது. அகதிகளும் தையல்காரர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பேட்டை. பையன் முதலில் லித்தோகிராஃப் அச்சுத் தொழில் பழகப் போனான், அதை முடிக்காமலே விட்டான், மாலை வேளைகளில் ஓவியர் வால்டர் சிக்கர்ட்டின் வகுப்புக்குப் போனான். அப்புறம் அந்தக் காலத்தின் பெரிய உருவப்பட ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜன்ட் ஆதரவு தர, யூத மாணவர்களுக்கு உதவும் ஒரு சங்கம் பணம் கொடுக்க, 1911-ல் லண்டனின் ஸ்லேட் கலைப் பள்ளியில் சேர்ந்தான்.

ஸ்லேடில் அந்தச் சில வருடங்களில் படித்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்: ஸ்டான்லி ஸ்பென்சர், பால் நாஷ், நெவின்சன், மார்க் கெர்ட்லர், டோரா காரிங்டன், வில்லியம் ராபர்ட்ஸ், போரில் இறந்த கவிஞர் ஐசக் ரோசன்பர்க். இவர்களுக்கெல்லாம் வரைபடம், அதாவது டிராயிங், சொல்லிக்கொடுத்தவர் ஹென்றி டாங்க்ஸ். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். டாங்க்ஸ் முதலில் அறுவை சிகிச்சை மருத்துவர். மருத்துவத்தை விட்டுவிட்டு ஓவியத்துக்கு வந்தவர். முதல் உலகப் போரின்போது முகம் சிதைந்து வந்த சிப்பாய்களை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பேஸ்டலில் வரைந்து பதிவு செய்தவரும் அவர்தான். அந்தப் படங்களை ஒருமுறை பார்த்தால் மறக்காது. வகுப்பில் கொடூரமாகப் பேசுவார், மாணவர்கள் அழுதிருக்கிறார்கள். ஆனால் தோலுக்குக் கீழே எலும்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியாமல் கோடு போடாதே என்பதில் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. பாம்பர்க் பிறகு டாங்க்ஸ் நம்பியதையெல்லாம் எதிர்த்தார் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உருவத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்ற அந்த அக்கறை மட்டும் கடைசி வரை பாம்பர்க்கிடம் தங்கிவிட்டது.

ஆனால் 1913-ல் அவரை ஸ்லேடிலிருந்து வெளியேற்றினார்கள். ஆசிரியர்களோடு ஒத்துப்போகாத குணம் ஒரு காரணம், அவர் வரைய ஆரம்பித்திருந்த படங்கள் இன்னொரு காரணம். லண்டனில் அப்போதுதான் பிக்காசோ, மத்தீஸ் படங்கள் காட்டப்பட்டு ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அந்த வருடமே சிற்பி எப்ஸ்டீனோடு பாரிஸ் போய் பிக்காசோ, மோடிலியானி ஆகியோரை நேரிலேயே சந்தித்துவிட்டு வந்தார்.

அடுத்த ஒன்றரை வருடத்தில் அவர் செய்த படங்கள்தான் இன்று டேட் அருங்காட்சியகத்தின் பெருமை. 'இன் தி ஹோல்ட்' என்ற படத்தில் கப்பலின் சரக்கறையிலிருந்து ஆட்கள் ஏறி வருகிறார்கள். ஆனால் கேன்வாஸ் முழுக்க 64 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, கட்டங்கள் மூலைவிட்டமாக உடைக்கப்பட்டு, கையும் தோளும் ஏணியும் வண்ணத் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. ஆளைத் தேடினால் கட்டம் தெரியும், கட்டத்தைப் பார்த்தால் ஒரு கை தெரியும்.

அதைவிடப் பெரிய படம் 1914-ல் வந்த 'தி மட் பாத்'. ஒயிட்சாப்பலில் பிரிக் லேன் பக்கம் யூதர்கள் போகும் ஒரு நீராவிக் குளியல் நிலையம் இருந்தது, அதுதான் இதற்கு மூலம். ஐந்தடி உயரம், ஏழடிக்கு மேல் அகலம். சிவப்பாக ஒரு செவ்வகம், அதுதான் தொட்டி. நடுவே கருத்த பழுப்பில் ஒரு தூண். அதைச் சுற்றி வெள்ளையும் நீலமுமாகக் கோணல் கோணலாக மனித உடல்கள்: குதிப்பவர்கள், குனிபவர்கள், விளிம்பைப் பிடித்து ஏறுபவர்கள். முகம் கிடையாது, விரல் கிடையாது. வெள்ளை வெளிச்சம் பட்ட பக்கம், நீலம் நிழல் பக்கம், அவ்வளவுதான். இருந்தும் எந்த உடல் எடையை எந்தக் காலில் வைத்திருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முப்பது வருடம் கழித்து வகுப்பறையில் இதுவேதான் திரும்பி வரப்போகிறது.

அந்த ஜூலையில் செல்சியிலுள்ள ஷெனில் காலரியில் தனிக்காட்சி வைத்தார். வயது 23. 'தி மட் பாத்' படத்தை உள்ளே மாட்டாமல் வெளிச் சுவரில், வெயிலிலும் மழையிலும் மாட்டி, சுற்றிலும் கொடிகள் கட்டினார்கள். கிங்ஸ் ரோடு திருப்பத்தில் வந்த பேருந்துக் குதிரைகள் அதைப் பார்த்து மிரண்டன என்று பாம்பர்க் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். குதிரைகள் நிஜமாகவே மிரண்டனவோ என்னவோ, கதை நல்ல கதை. காட்சிக் குறிப்பில் தூய வடிவம் அல்லாத எதையும் ஓவியத்தில் ஏற்க மாட்டேன் என்று எழுதினார். விமர்சகர் டி. இ. ஹியூம் அவரைப் பாராட்டி விரிவாக எழுதினார். ஓவியர் விண்டம் லூயிஸின் வோர்டிசிஸ்ட் குழு, இயந்திர யுகத்தைக் கூர்மையான கோண வடிவங்களில் கொண்டாடியவர்கள், கூப்பிட்டது. அவர்களுடைய 'பிளாஸ்ட்' இதழில் தன் படம் வரக் கூடாது என்று பாம்பர்க் மறுத்துவிட்டார், 1915 காட்சியில் மட்டும் விருந்தாளியாகச் சில படங்கள் வைத்தார். எந்தக் குழுவிலும் சேர மாட்டேன் என்ற இந்தப் பிடிவாதம் அவரை ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்தது.

அப்புறம் போர். 1915-ல் படையில் சேர்ந்தார். அதோடு அவருடைய உலகம் ஒவ்வொன்றாகக் கழன்றது: 1917-ல் ஹியூம் போர்முனையில் செத்தார், 1918 ஏப்ரல் முதல் தேதி ரோசன்பர்க் செத்தார், சகோதரர் ஒருவரும் போரில் போனார். பாம்பர்க் பதுங்கு குழி வாழ்க்கை தாங்காமல் 1917-ல் தன் காலில் தானே சுட்டுக்கொண்டார். அந்தக் குற்றத்துக்குக் கடும் தண்டனை உண்டு, எப்படியோ தப்பினார். போரின் கடைசியில் கனடா அரசின் போர் நினைவு நிதியம் ஒரு பெரிய படம் கேட்டது: பூமிக்கடியில் சுரங்கம் தோண்டும் கனடியப் படையினர். அவர் தன் பாணியில் வரைந்த முதல் வடிவத்தை நிதியத்தின் ஆலோசகர் கொனோடி கேவலமாகத் திட்டித் திருப்பி அனுப்பினார். பணம் வேண்டும், வேறு வழியில்லை, கொஞ்சம் அடக்கி வாசித்து இரண்டாவது வடிவம் வரைந்து கொடுத்தார். அது இன்று ஒட்டாவாவில் இருக்கிறது. நிராகரிக்கப்பட்ட முதல் வடிவத்தின் ஆய்வுப்படம் டேட்டில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது உயிரோடு இருக்கிறது என்பதில் சந்தேகமே வராது.

போருக்குப் பிறகு இயந்திரத்தின் மேல் இருந்த மயக்கம் போய்விட்டது. போனதற்குக் காரணம் கேட்கவே வேண்டாம், இயந்திரம் மனிதர்களை என்ன செய்யும் என்று பார்த்துவிட்டு வந்திருந்தார். 1923-ல் பாலஸ்தீனத்துக்குப் போனார். அங்கே யூதர்களுக்குத் தாயகம் அமைக்க முனைந்த சியோனிச அமைப்பு, குடியேற்றப் பணிகளை வரையச் சொல்லி உதவியது. அவரோ அந்தப் பிரச்சாரப் படங்களைக் கொஞ்சம் செய்துவிட்டு, ஜெருசலேமின் மொட்டைமாடிகளையும் பெட்ராவின் பாறைகளையும் வரைந்துகொண்டு 1927 வரை இருந்தார். இந்தக் காலத்துப் படங்கள் பலருக்கு ஏமாற்றம். கல்லுக்குக் கல், கூரைக்குக் கூரை, அளந்து வைத்த மாதிரி வரைந்திருப்பார். நவீன ஓவியர் திடீரென்று பின்னால் போய்விட்டார் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. எதையும் வெட்டிக் கட்டம் கட்ட முடியும் என்று நிரூபித்துவிட்ட ஒருவர், சரி, எதிரே உண்மையில் என்ன இருக்கிறது என்று முதல் வகுப்பிலிருந்து மறுபடி படிக்கிறார்.

அந்தப் படிப்பு ஸ்பெயினில்தான் பலித்தது. 1929-ல் டொலேடோ, 1934-ல் குவென்கா, அதைத் தொடர்ந்து ரோண்டா, 1935-ல் வடக்கே அஸ்தூரியாஸ் மலைகள். டொலேடோவில் ஆரம்பித்த தளர்ச்சி ரோண்டாவில் முழு வேகம் எடுக்கிறது. ரோண்டா என்பது ஆழமான ஒரு பள்ளத்தாக்கின் இரண்டு விளிம்புகளிலும் உட்கார்ந்திருக்கும் ஊர். இங்கே அவர் தூரிகை அகலமாகிறது, வண்ணம் தடிக்கிறது, வீடுகள் பாறையிலிருந்து தனியாகப் பிரிவதில்லை. ஒரு பாறைக்கு விளிம்புக்கோடு போடுவதற்குப் பதில், பாறையின் கனம் எந்தத் திசையில் சாய்கிறதோ அந்தத் திசையில் ஒரே இழுப்பு. நிறங்களும் ஜெருசலேமின் வெளிறிய வெயில் போய் செம்மண்ணும் காவியும் கருநீலமுமாக மாறுகின்றன. இந்தக் காலத்தில் கூட இருந்தவர் லிலியன் ஹோல்ட், தானும் ஓவியர், பின்னால் அவர் மனைவி. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நெருங்க, லண்டன் திரும்பினார்கள். காட்சி வைத்தார், கிட்டத்தட்ட யாரும் கண்டுகொள்ளவில்லை. முப்பதுகளின் கடைசியில் வரைவது ஏறக்குறைய நின்றே போனது.

1942-ல் இன்னொரு வாய்ப்பு வந்தது. அரசின் போர் ஓவியர்கள் குழு அவரை ஸ்டாஃபர்ட்ஷையரில் ஃபால்ட் என்ற இடத்துக்கு அனுப்பியது. பழைய ஜிப்சம் சுரங்கம், அதற்குள் விமானப்படையின் வெடிகுண்டுக் கிடங்கு. ஒரு படம் கேட்டதற்கு அவர் வரைந்து தள்ளினார், காகிதத்தில் எண்ணெய் வண்ணம், அடுக்கடுக்காகக் குண்டுகள், எரிவது போல மஞ்சளும் சிவப்பும். பெரிய சுவரோவியமாகச் செய்கிறேன் என்று கேட்டார். குழு ஏற்கவில்லை, சில வரைபடங்களை மட்டும் எடுத்துக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து, 1944 நவம்பர் 27 அன்று அந்தக் கிடங்கே வெடித்தது. பிரிட்டன் மண்ணில் நடந்த மிகப் பெரிய வெடிவிபத்து அது, சுமார் 70 பேர் இறந்தார்கள். அதே 1944-ல் அவர் செய்த இன்னொரு படம் 'ஈவினிங் இன் தி சிட்டி ஆஃப் லண்டன்': குண்டு விழுந்து சிதைந்த தெருக்கள், அவற்றுக்கு மேல் நிற்கும் செயின்ட் பால் தேவாலயம். போர்க்கால லண்டனின் தலைசிறந்த படங்களில் ஒன்று என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அப்போது சொல்லவில்லை.

இனி வகுப்புக்கு வருவோம். போர் நடந்த வருடங்களில் கிடைத்த இடத்தில் எல்லாம் பகுதிநேரமாகக் கற்பித்தார். கடைசியில் தேம்ஸுக்குத் தெற்கே பரோ பாலிடெக்னிக்கில் ஒரு மூலை கிடைத்தது. அது கலைப் பள்ளி கிடையாது. தொழில் கற்றுக்கொடுக்கும் இடம். ரொட்டி சுடும் தொழிலுக்கான தேசியப் பள்ளி அங்கேதான் நடந்தது. இந்தக் கட்டடத்தில் 1953 வரை அவர் நடத்திய உயிருரு வரைபட வகுப்புதான் (மாடலை எதிரே நிறுத்தி வரைவது) பிற்காலத்தில் புராணம் ஆனது. நுழைவுத் தேர்வு இல்லை, டிப்ளமா இல்லை, வருகிறவர் வரலாம். ஸ்லேடிலோ ராயல் காலேஜிலோ இடம் கிடைத்திருந்தால் இந்த மாதிரி ஒரு கூட்டம் அவரைச் சுற்றிச் சேர்ந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

என்ன சொல்லிக்கொடுத்தார்? இதற்கு அவர் அடிக்கடி துணைக்கு அழைத்தது பதினெட்டாம் நூற்றாண்டுத் தத்துவவாதி பிஷப் பெர்க்லியை. பெர்க்லி 1709-ல் பார்வை பற்றி எழுதிய நூலில் ஒரு வாதம் வைத்தார்: கண்ணுக்குத் தெரிவது வெளிச்சமும் நிறமும் மட்டும்தான், தூரம், பருமன், கனம் எல்லாம் தொடுதலிலிருந்தும் நடமாட்டத்திலிருந்தும் நாம் கற்றுக்கொண்டது. மின்சாரம் போன இரவில் சொந்த வீட்டின் படிக்கட்டில் இறங்குகிறோமே, அப்போது நம்மிடம் இருப்பது படியைப் பற்றிய எந்த அறிவோ, அந்த அறிவைத்தான் பெர்க்லி சொல்கிறார். பாம்பர்க் இதை வரைபடத்துக்குக் கொண்டுவந்தார். கண் சொல்வதை மட்டும் நகலெடுத்தால் தட்டையான ஒரு தோற்றம்தான் கிடைக்கும். எதிரே நிற்கும் மாடலின் உடல் தரையை எப்படி அழுத்துகிறது, இடுப்பு எந்தப் பக்கம் தள்ளுகிறது, அந்த எடை உன் உடம்பில் எப்படி உணரப்படுகிறது, அதைக் கரித்துண்டில் கொண்டுவா என்றார். இதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொல்வதானால், திரளுக்குள் இருக்கும் ஆன்மா. கேட்கக் கொஞ்சம் சாமியார்த்தனமாக இருக்கும். நடைமுறையில் மிகவும் ஸ்தூலமான விஷயம்.

அதாவது, விளிம்புக்கோட்டில் ஆரம்பிக்கக் கூடாது. கண், காது, விரல் நகம் என்று விவரம் சேர்க்கக் கூடாது. மொத்த உருவத்தின் சாய்வை முதலில் பிடி. தோளிலிருந்து கையை வீசிக் கோடு இழு, மணிக்கட்டை வைத்து நெளிக்காதே. வரைந்தது அழகாக வந்துவிட்டதா, அப்படியானால் சந்தேகப்படு. பழகிய கைத்திறன் உனக்குப் பதிலாக வேலை செய்திருக்கிறது. தேய்த்து அழி, மறுபடி ஆரம்பி. அவருடைய மாணவர்களின் வரைபடங்களில் கரி கருத்துக் கருத்து, அழித்த தடங்கள் அப்படியே பேய் மாதிரி கீழே தெரியும். அலங்கோலம் என்று ஒதுக்கியவர்கள் நிறைய. சில படங்கள் நிஜமாகவே அலங்கோலம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லிக்கொடுத்ததை உள்வாங்காமல் கருப்பை அப்பினால் ஆழம் வந்துவிடாது.

இந்த வகுப்புக்கு 1948 வாக்கில் பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். பெர்லினில் பிறந்து, ஏழு வயதில் தனியாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவன். பெற்றோர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். அவன்தான் ஃப்ராங்க் ஆவர்பாக். பகலில் செயின்ட் மார்ட்டின்ஸ் பள்ளி, மாலையில் பாம்பர்க். அங்கே நண்பரான லியோன் கோசாஃபையும் இந்த மாலை வகுப்புக்கு இழுத்து வந்தார். ஆவர்பாக் பிற்காலத்தில் ஒரே முகத்தை மாதக்கணக்கில் வரைந்து, அன்றைய வேலை சரியில்லை என்றால் வண்ணம் முழுவதையும் சுரண்டி எறிந்துவிட்டு மறுநாள் புதிதாக ஆரம்பிப்பார். கோசாஃப் வில்ஸ்டன் ரயில் பாதைகளையும் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தேவாலயத்தையும் அப்படித்தான் வரைந்தார். இந்த அழித்தல் எங்கிருந்து வந்தது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பேருமே பாம்பர்க்கின் குழுக்களில் சேரவில்லை, அவர் மாதிரியும் வரையவில்லை. எனக்கு அதுதான் அவருடைய கற்பித்தலுக்கு நல்ல சான்றாகத் தெரிகிறது.

குழு என்று சொன்னேனே, 1946-ல் கிளிஃப் ஹோல்டன் முன்னின்று மாணவர்கள் 'பரோ குரூப்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள், பிறகு பாம்பர்க்கே தலைவரானார், சண்டை வந்து 1951 வாக்கில் கலைந்தது. 1953-ல் 'பரோ பொட்டேகா' (பொட்டேகா என்றால் இத்தாலியில் ஓவியர் பட்டறை) என்று இன்னொன்று, அதுவும் நீடிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் குழு வேண்டாம் என்றவர் கிழவயதில் தன் பெயரில் குழு கட்ட முயன்றது ஒரு வேடிக்கை. அவரோடு பழகுவது சுலபமில்லை. சந்தேகப் பிராணி, விசுவாசத்தை எதிர்பார்ப்பவர், கடிதம் எழுதிச் சண்டை பிடிப்பவர்.

மற்ற மாணவர்கள் போன திசைகளைப் பாருங்கள். டென்னிஸ் கிரெஃபீல்ட் 1987-ல் இங்கிலாந்தின் இடைக்காலப் பேராலயங்களை (கதீட்ரல்களை) ஒவ்வொன்றாக வேனில் சுற்றிச்சுற்றிக் கரித்துண்டால் வரைந்தார். குஸ்டாவ் மெட்ஸ்கர் ஓவியத்தையே விட்டுவிட்டு, 1961-ல் நைலான் துணியில் அமிலம் தெளித்து அது கரைந்து விழுவதையே கலையாகக் காட்டினார். 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் கிட்டார் உடைத்ததற்கு மெட்ஸ்கரின் உரை ஒரு தூண்டுதல். பாம்பர்க்கின் வளர்ப்பு மகள் டினோராவை மணந்த லெஸ்லி மார், ஓவியம் வரைந்துகொண்டே 1954, 1955 பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ பந்தயங்களில் கார் ஓட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்தது டாரதி மீட் கதை. போர்க்காலத்தில் டேகனமில் பாம்பர்க்கின் வகுப்பில் சேர்ந்து, அவர் போன இடமெல்லாம் தொடர்ந்து போனவர். ஐம்பதுகளில், கையில் முழுத் தொழில் தெரிந்த பிறகு, ஸ்லேடில் மாணவியாகச் சேர்ந்தார். பெர்ஸ்பெக்டிவ் தேர்வு (தூரத்தைக் கணக்குப்படி தாளில் காட்டும் முறை) எழுத வேண்டும் என்றார்கள். என் வேலைக்கு அது பொருந்தாது, எழுத மாட்டேன் என்றார். டிப்ளமா இல்லாமலே 1959-ல் வெளியேறினார். குருவை வெளியேற்றிய அதே பள்ளி. பிறகு இவர் லண்டன் குரூப் என்ற ஓவியர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார், அது வேறு விஷயம்.

பாம்பர்க்கின் கடைசி வருடங்கள் கஷ்டமானவை. 1953-ல் பரோ வேலை போனது. 1954-ல் லிலியனோடு மறுபடி ரோண்டாவுக்குப் போய் அங்கே ஒரு ஓவியப் பள்ளி தொடங்கப் பார்த்தார், மாணவர்கள் வரவில்லை. 1956-ல் டேட் அருங்காட்சியகம் வோர்டிசிசம் பற்றி ஒரு காட்சி வைத்தது. தலைப்பே விண்டம் லூயிஸ், மற்றவர்களெல்லாம் அவருடைய சீடர்கள் மாதிரி. பாம்பர்க் கொதித்துப்போய்க் கடிதங்கள் எழுதினார். அவருடைய கோபம் நியாயம்தான், 1914-ல் அவர் யார் பின்னாலும் நிற்கவில்லை. அந்தக் கோபத்தின் நடுவே வரைந்தவைதான் 1956-ன் கடைசித் தன்னுருவப்படமும் ரோண்டா பாறைகளின் கடைசி நிலக்காட்சியும். உடல் மோசமாகி லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள், 1957 ஆகஸ்ட் 19 அன்று இறந்தார். அடுத்த வருடமே ஆர்ட்ஸ் கவுன்சில் நினைவுக் காட்சி வைத்தது. 'தி மட் பாத்' படத்தை டேட் வாங்கியது 1964-ல். வாழ்நாள் வேலை முழுவதையும் திரட்டிக் காட்டும் முழுப் பின்னோக்குக் காட்சி 1988-ல்தான்.

ஆக, தோற்றவர் என்றால் சந்தையில் தோற்றவர். கற்பித்தது அந்தத் தோல்விக்கு ஆறுதலாக இல்லை. ரோண்டாவில் பாறையின் சாய்வைத் தேடியவர் பரோவில் மாடலின் சாய்வைத் தேடச் சொன்னார், வேலை ஒன்றுதான். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். டேட்டின் இணையதளத்தில் 'தி மட் பாத்' இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, சிசெஸ்டர் நகரின் பாலண்ட் ஹவுஸ் காலரியிலுள்ள கடைசித் தன்னுருவப்படத்தைப் பக்கத்தில் வையுங்கள். இடையில் 42 வருடம். முதலாவதில் எல்லாம் கத்தியால் வெட்டியது போல, இரண்டாவதில் எல்லாம் கலங்கல். இரண்டிலும் முகத்தைத் தேடாமல், எடை எங்கே விழுகிறது என்று மட்டும் பாருங்கள். அதற்கப்புறம் ஆவர்பாக்கின் ஐம்பதுகளின் கரித்துண்டுத் தலைகளுக்குப் போகலாம். வரிசையை மாற்றி ஆவர்பாக்கிலிருந்து பின்னோக்கி வந்தால் பாம்பர்க் வெறும் முன்னோடியாகத்தான் தெரிவார்.